முகவரி இல்லாத குழந்தைகள்

வீடற்ற குடும்பத்தைப் பொருளாகக் கொண்டெழுந்த கலைப் படைப்புக்களை ஆராயப் புகும்போது நாம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. படைப்பாளன் எந்த இடத்தில் நின்று அக்குடும்பத்தைப் பார்க்கின்றான்? தெருவோரத்தில் நின்று இரங்குபவனாகவா, கந்தோரில் இருந்து விண்ணப்பங்களைப் புரட்டுபவனாகவா, அல்லது அவர்களுடைய பெட்டி படுக்கைகளோடு தானும் அலைபவனாகவா? இவ்வேறுபாடு வெறும் உத்தி பற்றிய தன்று. பார்க்கும் இடத்தைப் பொறுத்தே குற்றவாளி யார் என்பதும் மாறிவிடுகின்றது.

இங்கு நாம் எடுத்துக்கொண்டவை இரண்டு படங்கள். ஒன்று, 1966ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தொலைக்காட்சியிற் காட்டப்பெற்ற ‘கேத்தி கம் ஹோம்’. ‘கேத்தி, வீட்டுக்கு வா’ என்று தமிழிற் கூறலாம். ஜெரமி சான்ட்போர்ட் எழுத, கென் லோச் நெறிப்படுத்திய நாடகம் அது. மற்றையது, 2017ஆம் ஆண்டில் ஷோன் பேக்கரின் நெறியாள்கையில் அமெரிக்காவிலே வெளிவந்த ‘த புளோரிடா புரொஜெக்ற்’. இரண்டுக்கும் இடையே 51 ஆண்டுகள். நடுவில் ஒரு சமுத்திரம். ஆயினும் இரண்டும் வந்து முடியும் இடம் ஒன்றே. தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்தெடுக்க அரசாங்க உத்தியோகத்தர்கள் வந்து நிற்கின்றனர். அரை நூற்றாண்டுக் காலத்தில் செல்வம் பன்மடங்கு பெருகிய இரு சமுதாயங்களிலே இந்த ஒரு காட்சி மட்டும் மாறாதிருப்பதே, இவற்றை அருகருகே வைத்து நோக்கும்படி நம்மைத் தூண்டியது.

கேத்தியின் கதை எளியது. நாட்டுப்புறத்திலிருந்து இலண்டனுக்கு வந்த இளம்பெண் அவள். லொறிச் சாரதியான ரெஜ் என்பவனை மணக்கின்றாள். புதிய மாடிக் குடியிருப்பில் வாழ்வு தொடங்குகின்றது. வேலையில் நேர்ந்த விபத்தொன்றினால் ரெஜ் தொழிலை இழக்கின்றான். அவ்வளவுதான்; பின் நடப்பவை யாவும் படிக்கட்டில் உருளும் செம்பைப் போன்றவை. மாமியாரின் நெருக்கடி மிகுந்த வீடு, கருணையுள்ள மூதாட்டி ஒருத்தியின் வாடகை வீடு, அவள் இறந்தபின் வந்த வெளியேற்றக் கட்டளை, சில்லு பூட்டிய வண்டிவீடு, அதற்கு அயலவர் வைத்த தீ, இடிந்த கட்டிடம், கூடாரம் என்று குடும்பம் இறங்கிக்கொண்டே போகின்றது. ஈற்றில் உள்ளூராட்சி நிருவாகம் நடத்தும் விடுதி. அங்கே தாய்க்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே இடமுண்டு. கணவன் தங்கக் கூடாது. வீடற்றவனுக்கு அரசு செய்த உதவி அவனுடைய குடும்பத்தைப் பிளப்பதில் தொடங்கிற்று என்பதை லோச் எவ்வித உரத்த குரலுமின்றிக் காட்டிவிடுகின்றார். கணவன் வேலை தேடி அலைகின்றான்; விடுதிக்குச் செலுத்த வேண்டிய பணம் நிற்கின்றது; விடுதிக் கதவும் மூடப்படுகின்றது. புகையிரத நிலையத்து வாங்கொன்றில் பிள்ளைகளோடு ஒதுங்கியிருந்த கேத்தியிடமிருந்து அவர்கள் பறிக்கப்படுகின்றனர்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது காரண காரியத் தொடர்பு. ஒவ்வொரு படியிலும் எவரோ ஒருவர் தமது கடமையைச் சரியாகவே செய்கின்றார். வெளியேற்றக் கட்டளையைக் கொணர்பவர் கொடியவர் அல்லர். விடுதி மேற்பார்வையாளர் விதிகளை எழுதியவர் அல்லர். வில்லன் என்று சுட்டத்தக்க தனிமனிதன் கதையில் இல்லாமையே அதன் யதார்த்தத்துக்கு உரம். தெருவிலும் சந்தையிலும் கமெராவைக் கொண்டுசென்று, நடிகர் பேச்சின்மேல் உண்மையான குடியிருப்பாளரின் குரல்களையும் புள்ளிவிவரங்களையும் ஏற்றியமை, அக்காலத்துத் தொலைக்காட்சி நாடகத்துக்குப் புதிது. காட்டப்பட்ட நிகழ்ச்சிகள் அனைத்தும் அதற்கு முந்திய 18 மாதங்களுக்குள் பிரித்தானியாவிலே நடந்தவை என்ற அறிவித்தலோடு படம் முடிகின்றது. செய்தி அறிக்கையா நாடகமா என்று அன்றைய பத்திரிகைகள் சண்டையிட்டன. நமக்கு அச்சண்டையில் அதிக அக்கறை இல்லை.

ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் பேர் அந்த இரவிலே அதைப் பார்த்தனர். ‘ஷெல்ரர்’ என்னும் வீடமைப்பு உதவி இயக்கம் இரண்டு வாரங்களின் பின், 1966 டிசம்பர் 1ஆம் திகதி தொடங்கப்பட்டது. அது முன்னரே திட்டமிடப்பட்டதொன்று, ஆனால் படம் எழுப்பிய அலை அதற்குத் துணை நின்றது. 1977ஆம் ஆண்டில் வீடற்றோர் சட்டம் நிறைவேறிற்று. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பமும் கருவுற்ற பெண்ணும் வீடின்றி நின்றால் அவர்களுக்கு இருப்பிடம் அளிப்பது உள்ளூராட்சி நிருவாகத்தின் கடமை என முதன்முறையாகத் தெளிவாக வரையறுக்கப்பட்டது. கலை உலகை மாற்றாது என்று கையை விரிப்போர் இந்த வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம்.

ஆனால் விமர்சகனின் வேலை இங்கே முடிவதில்லை. அச்சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. தாமாகவே ‘வேண்டுமென்று’ வீட்டை இழந்தவர்களுக்கு அந்த முழுக் கடமை இல்லை. வாடகையைச் செலுத்தத் தவறினாயா, அயலவரோடு சண்டையிட்டாயா, கிடைத்த இடத்தை விட்டு நீயே வெளியேறினாயா என்று விசாரித்து, குற்றமற்றவர் என்று கண்ட பின்னரே கதவு திறக்கப்படும். இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் வறியோர் சட்டங்கள் 1601ஆம் ஆண்டு தொட்டே வறியவரைத் தரம் பிரித்துத்தான் வந்தன. உதவிக்குத் தகுந்த ஏழை ஒருபுறம், தகாத ஏழை மறுபுறம். அந்தப் பழைய தராசே புதிய சட்டத்துள்ளும் புகுந்தது. நம் கருத்தின்படி, ‘கேத்தி’ நாடகமும் தன்னையறியாமலே அந்தத் தராசுக்குத் தலைவணங்கிவிட்டது. கேத்தி அழகி, மென்மையானவள், கணவனிடத்தும் பிள்ளைகளிடத்தும் அன்பு குன்றாதவள். அவள்மீது ஒரு துளி அழுக்கும் ஒட்டாதவாறு ஆசிரியர் காத்து வந்திருக்கின்றார். பார்வையாளன் கண்ணீர் விடுவதற்கு அது வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயின் குற்றமற்றவளுக்காக மட்டுமே அழப் பழகிய பார்வையாளன், குற்றமுள்ளவளைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவான் அல்லவா?

இன்னொரு குறையும் உண்டு. நிலம் யாருடையது, கட்டிடத் தொழில் யாருடைய இலாபத்துக்கு இயங்குகின்றது என்ற கேள்வியை நாடகம் தொடவில்லை. லோச் அவர்களே பிற்காலத்தில் இந்த மனக்குறையை வெளியிட்டதுண்டு. அதன் விளைவு நம் கண்முன் கிடக்கின்றது. 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் உள்ளூராட்சி வீடுகளைக் குடியிருப்போருக்குக் கழிவு விலையில் விற்க வழிசெய்தது. விற்ற அளவுக்குப் புதியவை கட்டப்படவில்லை. சட்டத்தில் கடமை இருந்தது. கடமையை நிறைவேற்ற வீடு இருக்கவில்லை. 2024ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் தற்காலிகத் தங்குமிடங்களில் வாழ்ந்த குழந்தைகளின் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிற்று. குடும்பங்களைக் காலையுணவு விடுதி அறைகளில் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற விதி 2004 முதல் உண்டு. அது மீறப்படுவதும் உண்டு. தவழும் குழந்தைக்குத் தவழ நிலமில்லாத அறைகள் அவை.

இனி ‘புளோரிடா புரொஜெக்ற்’. பெயரிலேயே ஒரு கசப்பு இருக்கின்றது. 1960களில் டிஸ்னி நிறுவனம் புளோரிடாவில் அமைக்கவிருந்த பெரும் களியாட்ட உலகுக்குத் தனக்குள் வழங்கி வந்த பெயர் அது. அமெரிக்க வழக்கிலே ‘புரொஜெக்ற்’ என்றால் ஏழைகளுக்கான அரசாங்கத் தொடர்மாடி என்றும் பொருள்படும். 1971இல் திறக்கப்பட்ட அந்த மாய உலகின் வாயிலிலிருந்து சிறிது தூரத்தில், கிசிமீ என்ற ஊரின் நெடுஞ்சாலை ஓரத்தில், உல்லாசப் பயணிகளுக்கென்று கட்டப்பட்டுப் பின் மலிந்துபோன விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. ஊதா வண்ணம் பூசிய அத்தகைய விடுதியொன்றின் ஓர் அறையில் ஆறு வயது மூனியும் அவளுடைய இளம் தாய் ஹாலியும் வாழ்கின்றனர். வாடகையை அவ்வப்போது திரட்டிச் செலுத்த வேண்டும். தொடர்ச்சியாகத் தங்கினால் குடியிருப்பாளர் என்ற சட்ட உரிமை வந்துவிடும் என்பதற்காக, இடையிடையே ஓர் இரவு அறையைக் காலிசெய்து வேறிடம் போய்த் திரும்ப வேண்டும். உரிமை முளைவிடும் முன்னரே அதைக் கிள்ளி எறியும் இந்த ஏற்பாட்டைப் படம் ஒரு சில நிமிடங்களிலே காட்டிவிட்டு நகர்கின்றது. நாமோ அந்த இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டோம்.

ஹாலி கேத்தி அல்லள். வாய்த்துடுக்கு மிக்கவள், மலிவான வாசனைத் திரவியத்தை உல்லாசப் பயணிகளிடம் ஏமாற்றி விற்பவள், தன் பிள்ளைக்கு நாள்தோறும் சோறு தந்த சிநேகிதியையே அடித்துவிடுபவள், கடைசியில் உடலை விற்றும் வாடகை கட்டுபவள். 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் விசாரணை மேசைமுன் இவளை நிறுத்தினால் என்ன தீர்ப்புக் கிடைக்கும் என்பதை ஊகிக்கலாம். பேக்கர் அவளைக் கழுவித் துடைத்து நம்முன் நிறுத்தவில்லை. அவளுடைய மகளை நம் பக்கத்தில் இருத்திவிட்டு, இந்தக் குழந்தைக்குக் கூரை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்கின்றார். தாயின் நடத்தையைச் சான்றாகக் காட்டிக் குழந்தையின் கூரையை மறுக்கும் நியாயம் அக்கேள்வியின் முன் நிற்கமாட்டாது. தராசைத் தூக்கி எறிந்த துணிவு இப்படத்தினுடையது. இவ்வகையில் அது ‘கேத்தி’யைக் கடந்து நிற்கின்றது.

படத்திலே திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி, மூனி குளியல் தொட்டியில் பொம்மைகளோடு விளையாடுவது. பாட்டு உரத்து ஒலிக்கின்றது. முதலில் அது குழந்தையின் விளையாட்டாகவே தோன்றும். அந்நியன் ஒருவன் குளியலறைக்குள் நுழைந்துவிடும்போதுதான், சுவருக்கு அப்பால் தாய் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது நமக்கு உறைக்கின்றது. கமெரா ஒருபோதும் அச்சுவரைத் தாண்டுவதில்லை. ஒரே அறை சமையலறையாகவும் படுக்கையறையாகவும் பிழைப்பிடமாகவும் ஆகிவிட்டபோது, குழந்தைக்கென்று எஞ்சியது அந்தத் தொட்டி. ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் என்பதன் பொருளை விளக்க அறிக்கைகள் பல எழுதப்பட்டிருக்கலாம். இவ்வளவு சுருக்கமாக எதுவும் கூறியிருக்கும் என்று நாம் கருதவில்லை.

வறுமைக்கு மிட்டாய் நிறம் பூசிவிட்டார்கள் என்று நண்பர்கள் சிலர் இப்படத்தைக் குறை கூறுவர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. அந்நிறங்கள் விடுதிக்காரர் பயணிகளைக் கவரப் பூசியவை. அவற்றின் நடுவே பிள்ளைகள் ஐஸ்கிறீமுக்குக் காசு இரந்து சிரித்துத் திரிகின்றனர். வறிய குழந்தை எந்நேரமும் அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நடுத்தர வர்க்கத்தின் ஒருவகை இரசனைதான். ஆனால் வேறொரு காட்சி பற்றி நமக்கு மனத்தாங்கல் உண்டு. பிள்ளைகள் கைவிடப்பட்ட வீட்டுத் தொகுதியொன்றுள் புகுந்து விளையாட்டாகத் தீ வைத்துவிடுகின்றனர். ஆளில்லாத வீடுகள் வரிசையாக நிற்க, வீடில்லாத குடும்பங்கள் விடுதியில் அடைபட்டுக் கிடக்கின்றன. 2008ஆம் ஆண்டின் வீட்டுக்கடன் வீழ்ச்சி புளோரிடாவைப் பலமாகத் தாக்கியது என்பதை அறிந்தவனுக்கே இக்காட்சியின் முழுக் கனமும் புலப்படும். அறியாதவனுக்கு அது பிள்ளைக் குறும்பு. இங்கே படைப்பாளர் இன்னும் ஓரடி முன்வைத்திருக்கலாம்.

விடுதி முகாமையாளர் பொபி பற்றியும் ஒரு சொல். வாடகையைக் கேட்பவரும் அவரே, வெளியேற்றுவேன் என்று எச்சரிப்பவரும் அவரே; பிள்ளைகளை நாடிவந்த தீயவனை விரட்டுபவரும் அவரே. அங்கு சமூக சேவை என்று ஏதேனும் நடந்ததாயின் அதைச் செய்தவர் சம்பளத்துக்கு வேலைபார்த்த இம்மனிதர்தான். அவருடைய நல்லமனம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் படம் அளந்து காட்டுகின்றது. உத்தியோகத்தர்கள் வந்து இறங்கியதும் அவர் ஓரமாக நின்று பார்க்க வேண்டியவராகின்றார்.

ஆசிரியர்களாகிய நம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. இப்படத்தில் பாடசாலை இல்லை. கதை நிகழ்வது கோடை விடுமுறையில். இது தற்செயலன்று என்றே எண்ணுகின்றோம். விடுமுறையில் மட்டுமே மூனியைப் போன்ற குழந்தை எவருடைய இடாப்பிலும் அகப்படாமல் வாழமுடியும். ஏனெனில் அமெரிக்காவிலே அவளை வீடற்றவள் என்று ஏற்றுக்கொள்ளும் அரசாங்க அமைப்பு பாடசாலைதான். அந்நாட்டு வீடமைப்புத் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி, தன் காசில் விடுதியில் தங்கும் குடும்பம் பொதுவாக வீடற்றோர் கணக்கில் வராது. உறவினர் வீட்டில் ஒண்டிக் கிடப்போரும் அவ்வாறே. ஆனால் 1987இல் இயற்றப்பட்டு இன்று மக்கினி–வென்ரோ சட்டம் என்று வழங்கும் சட்டத்தின் கல்விப் பகுதி, நிலையான, ஒழுங்கான, போதுமான இராத்தங்குமிடம் இல்லாத ஒவ்வொரு பிள்ளையையும் வீடற்ற பிள்ளை என்கின்றது. அக்கணக்கின்படி 2022–23 கல்வியாண்டிலே அந்நாட்டுப் பொதுப் பாடசாலைகளில் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடற்ற மாணாக்கர் இனங்காணப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பிறர் வீடுகளில் ஒண்டியிருந்தவர்கள். ஒரே நாடு, ஒரே குழந்தை. ஒரு திணைக்களத்துக்கு வீடற்றவள், மற்றையதற்கு அல்லள்.

அச்சட்டம் கூறும் ஏற்பாடுகள் நம்மவர் அறிந்திருக்க வேண்டியவை. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வதிவிடச் சான்று, விடுகைப் பத்திரம் ஆகியவை கையில் இல்லாவிடினும் பிள்ளையை உடனடியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடும்பம் இடம்பெயர்ந்தாலும், பிள்ளையின் நலனுக்கு உகந்ததாயின், பழைய பாடசாலையிலேயே தொடர்ந்து படிக்கலாம். அதற்கான போக்குவரத்தை நிருவாகம் ஒழுங்குசெய்ய வேண்டும். ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இப்பிள்ளைகளுக்கெனப் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். 1965இல் வறிய குழந்தைகளுக்காகத் தொடங்கிய ‘ஹெட் ஸ்ராட்’ முன்பள்ளித் திட்டத்தில், 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், வீடற்ற குழந்தை வருமானச் சோதனையின்றியே தகுதி பெறுகின்றது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதன் பெறுமதி பெரிது. ஒரே வேளையில் உணவு, ஒரே பாயில் பகல் உறக்கம், நேற்றுக் கண்ட அதே ஆசிரியையின் முகம் ஆகியவை, இரவுதோறும் இடம் மாறும் குழந்தைக்கு வேறெங்கும் கிடையா. சட்டம் கூரை தரவில்லை என்பதும் உண்மையே. விடுதியறைக்கு நாளும் பணம் கட்டும் தாய் அங்கேயே நிற்கின்றாள்.

நம் நாட்டை நினையாமல் இதை எழுத முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகளும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த குடும்பங்களின் பிள்ளைகளும், பிறர் பாடசாலைகளின் பிற்பகல் வேளைகளிலும் மர நிழல்களிலும் எழுத்தறிந்தவர்கள். முகாமென்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. எனினும் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும் நமது சுற்றுநிருபத்தைப் பாருங்கள். பெயர்பெற்ற அரசாங்கப் பாடசாலைகளில் அண்மையில் வதிவோர் என்ற பிரிவில் இடம் பெறக் காணி உறுதியும், பல ஆண்டு வாக்காளர் இடாப்புப் பதிவும் புள்ளிகளாக எண்ணப்படுகின்றன. வீட்டுரிமை உள்ளவனின் பிள்ளைக்குப் புள்ளி கூடும். வாடகை வீட்டுக்காரனுக்குக் குறையும். ஆண்டுக்கொரு வீடு மாறுபவனுக்கு மிகக் குறையும். ஐந்து வயதுப் பிள்ளையின் அறிவை அளக்கும் முன்னரே தகப்பனின் காணியை அளந்துவிடுகின்றோம். சேர்வுப் படிவத்தில் ‘நிரந்தர முகவரி’ என்ற வரியை நிரப்பச் சொல்லிப் பேனாவை நீட்டும் ஆசிரியர், அந்த வரி யாரைத் தலைகுனியச் செய்கின்றது என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருப்பாரா?

லோச் 2016இல் ‘ஐ, டானியல் பிளேக்’ என்ற படத்தில் இதே பொருளுக்கு மீண்டும் வந்தார். அதிலே கேற்றி என்ற தாய் தன் இரு பிள்ளைகளோடு இலண்டன் விடுதியறை ஒன்றில் இரண்டு ஆண்டுகள் கிடந்தபின், தலைநகரில் வீடில்லையென்று நியூகாசிலுக்கு அனுப்பப்படுகின்றாள். கூரை கிடைத்தது, உறவும் அயலும் போயின. கேத்தியின் கதையில் எஞ்சிநின்ற கேள்விக்கு அரை நூற்றாண்டின் பின் அதே கலைஞர் எழுதிய தொடர்ச்சி என்று இதைக் கொள்ளலாம். இங்கே பிள்ளைகள் வெறும் சுமையாக வரவில்லை. ‘கேத்தி’யிலோ பிள்ளைகள் தாயின் இடுப்பிலும் கையிலும் தொங்குபவர்கள், அவர்களின் பெயர்கள்கூட நம் நினைவில் நிற்பதில்லை. பிந்திய படத்தில் மூத்த மகள் டெய்சி, மனமுடைந்து கதவடைத்துக் கிடக்கும் டானியலின் வாயிலுக்கு உணவுடன் வந்து, எங்களுக்கு நீங்கள் உதவினீர்கள், இப்போது நான் ஏன் உதவக்கூடாது என்ற பொருள்படக் கேட்கின்றாள்.

இரு படங்களின் முடிவுகளுள் எதை ஏற்பது என்பதில் நம் வாசகரிடையே கருத்து வேறுபாடு எழலாம். ‘கேத்தி’ நம்மைப் புகையிரத நிலையத்தில் விட்டுச் செல்கின்றது. தாயின் கூக்குரலுக்குப் பின் அறிவித்தல்கள் மட்டுமே. ‘புளோரிடா’வில் மூனி உத்தியோகத்தர்களிடமிருந்து தப்பித் தோழியிடம் ஓடிச்சென்று முதன்முறையாகத் தேம்பி அழுகின்றாள். தோழி அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓட, இருவரும் டிஸ்னியின் மாயக் கோட்டையை நோக்கி மறைகின்றனர். உரிமையாளரின் அனுமதி பெறாமல் கைத்தொலைபேசியினால் இரகசியமாக எடுக்கப்பட்ட காட்சி அது. கற்பனைக்குள் தப்பியோடும் முடிவு என்று அதைக் கண்டிப்போர் உளர். நாம் அவ்வாறு காணவில்லை. நுழைவுச்சீட்டு வாங்க வக்கற்ற குழந்தை, தன் வாழ்நாள் முழுதும் வாயிலுக்கு வெளியே நின்று பார்த்த இடத்துக்குள் சீட்டின்றியே நுழைகின்றாள். அவளைப் படம்பிடித்தவர்களும் அவ்வாறே நுழைந்தார்கள். தப்பியோடிய பின் அன்றிரவு அவள் எங்கே உறங்கினாள் என்பதைப் படம் சொல்லவில்லை.

ஆசிரியர் வட்டங்களிலும் உயர்தர வகுப்பு மாணாக்கரிடையேயும் திரையிட விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு: ‘கேத்தி’ ஏறத்தாழ 75 நிமிடங்கள், இரு பாடவேளைகளுள் அடங்கும். இலண்டன் தெருப்பேச்சு நம் மாணாக்கர் காதுக்குக் கடினம் ஆதலின், கதையை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. மற்றையதன் சில காட்சிகளும் வசைச்சொற்களும் வயது வந்தோர்க்கே ஏற்றவை; அதை ஆசிரியர்கள் முதலில் தாமாகப் பார்க்கட்டும்.